செக் நாட்டு ஹொலஷோவிட்சே கிராமம்: போய்ட்டு வந்தேன், கொஞ்சம் பேசணும்

#1 நாடோடி82

வணக்கம் மக்களே. வேலை விஷயமா ஆஸ்திரியாவுல லின்ஸ் ஊர்ல தங்கியிருக்கேன்னு போன மாசமே சொல்லியிருந்தேன். எல்லா வாரக்கடைசியும் ரூம்லயே கெடக்க வேணாம்னு ரயிலேறி வடக்க எல்லை தாண்டி செக் நாட்டு செஸ்கே புடெயோவிட்சேக்குப் போனேன். எல்லாரும் அங்கருந்து நேரா செஸ்கி க்ரும்லோவ் போய் கோட்டைய பாத்துட்டு திரும்பிடுவாங்க. எனக்கு கூட்டம் ஆகாது, அதனால மேற்கால 15 கிலோமீட்டர் தள்ளி இருக்குற ஹொலஷோவிட்சேங்குற கிராமத்துக்கு வாடகை சைக்கிள்ல போனேன்.

வழியெல்லாம் சமவெளி, அங்கங்க குளம், உழுது போட்ட காடு. தெற்கால மட்டும் ப்ளான்ஸ்கி லெஸ்னு ஒரு மலைக்காடு கூடவே வருது, அதுல உசந்த மலை க்ளெட், 1084 மீட்டர். அத ஒரு பக்கமா வச்சுக்கிட்டே ஓட்டினா வழி தப்பாது. திடீர்னு ஒரு திருப்பத்துல ஊருக்குள்ள நுழைஞ்சிட்டேன். நடுவுல நீளமா புல்தரை, சுமார் 210 மீட்டர் நீளம் 70 மீட்டர் அகலம், அதுல ஒரு சின்ன குளம், ஒரு கொல்லன் பட்டறை, ஒரு குட்டி கோயில், ஒரு சிலுவை. அத சுத்தி நாலு பக்கமும் பண்ணை வீடுங்க, எல்லாம் புல்தரைய பாத்து தோளோட தோள் ஒட்டி நிக்குது. மஞ்சள், வெளிர்பச்சை, ரோஸ், நீலம்னு ஒவ்வொண்ணும் ஒரு கலர், மேல முகப்பு கல்யாணப் பந்தல் வளைவு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறி இறங்குது.

1998ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்திருக்காங்க. ஊர்ல மொத்தமே 140 பேர் அளவுலதான் இருக்காங்க, தனி ஊராட்சி கூட கிடையாது, பக்கத்து யான்கோவ் ஊராட்சிக்குள்ள வருது. நான் போனது அக்டோபர், சாயங்காலம் நாலு மணி, ரோட்ல ஒரு பாட்டி விழுந்த இலைய கூட்டிக்கிட்டிருந்தாங்க, ஒரு பையன் குளத்த சுத்தி சைக்கிள் ஓட்டிட்டிருந்தான், வேற சத்தமே இல்ல. நான் ரெண்டு மணி நேரம் குளக்கரையில உக்காந்திருந்தேன். இவ்வளவு அழகான ஒரு ஊர் எப்படி இப்படியே தங்குச்சு? இந்த கேள்விதான் மண்டைய குடையுது. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 புதுவரவு

சூப்பர் அண்ணா. அங்க ஒரு ஆதிகால கல்வட்டம் இருக்குன்னு ஒரு வீடியோல பாத்தேனே, ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி, அத பாத்தீங்களா? எத்தனை ஆயிரம் வருஷம் பழசு?

#3 நாடோடி82

பாத்தேன் தம்பி, ஊருக்கு வெளிய வயல்ல இருக்கு. ஆனா அது 2008ல நட்டது, ஆதிகாலம்லாம் கிடையாது. உள்ளூர்க்காரர் ஒருத்தர் ஆசையா வச்சது. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்காகன்னு போகாத, ஊருக்காக போ.

#4 பழையஏடு

நாடோடி, நல்ல கேள்வி. நான் மத்திய ஐரோப்பா வரலாறு கொஞ்ச காலமா படிச்சிட்டு வர்றேன், எனக்கு தெரிஞ்ச வரை சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

இந்த ஊர் பேரு முதல்ல எழுத்துல வர்றது 1263ல. பக்கத்து செஸ்கே புடெயோவிட்சே நகரத்தையே மன்னர் இரண்டாம் ஒட்டகார் 1265லதான் கட்ட ஆரம்பிக்கிறார், அப்போ பாத்துக்கோங்க. 1292ல அவர் மகன் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இந்த ஊர விஷி ப்ரோட் மடத்துக்கு தானமா குடுத்துட்டார். அது சிஸ்டர்சியன்னு ஒரு கத்தோலிக்க துறவிகளோட மடம், 1259ல ரோஷ்ம்பெர்க் குடும்பத்து வோக்குங்குறவர் ஆரம்பிச்சது, தெற்கால ஆஸ்திரியா எல்லைகிட்ட வல்டாவா ஆத்தங்கரையில இருக்கு. அன்னிலேருந்து 1848 வரைக்கும், அதாவது 550 வருஷத்துக்கு மேல, இந்த ஊர் அந்த மடத்து சொத்து. குடியானவங்க மடத்துக்கு வரி கட்டணும், மடத்து நிலத்துல கூலி இல்லாம வேலை செய்யணும், அந்த கட்டாய வேலைக்கு செக் மொழியில ரொபோட்டான்னு பேரு. இன்னிக்கு உலகமே ரோபோன்னு சொல்ற வார்த்தை அதுலேருந்து வந்ததுதான்.

அடுத்தது கொள்ளை நோய். 1520லேருந்து 1525க்குள்ள பிளேக் வந்து ஊரே காலி. ரெண்டே ரெண்டு பேர்தான் மிஞ்சினாங்கன்னு சொல்றாங்க. செத்தவங்கள புதைச்ச இடத்துல ஒரு தூண் இருக்கு, நாடோடி அத பாத்தீங்களான்னு தெரியல. ஊர் காலியானா மடத்துக்கு வருமானம் ஏது? அதனால மடம் இன்னிக்கு ஜெர்மனில இருக்குற பவேரியாலேருந்தும் ஆஸ்திரியாலேருந்தும் குடியானவங்கள கூட்டிட்டு வந்து குடிவச்சது. வந்தவங்க ஜெர்மன் பேசுறவங்க. அப்படித்தான் ஒரு செக் ஊர் மெல்ல மெல்ல ஜெர்மன் ஊரா மாறுச்சு, பேரும் ஹோல்ஷோவிட்ஸ் ஆச்சு. 1895 கணக்குப்படி ஊர்ல 157 பேர் ஜெர்மன், 19 பேர் செக்.

நீங்க ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தீங்களே, அந்த வீடுங்கள கட்டினது அந்த 157 பேரோட அப்பன் பாட்டன்தான். இன்னிக்கு அங்க இருக்குறவங்க இல்ல.

#5 நாடோடி82

அந்த கடைசி வரி எனக்கு புதுசு. அங்க வச்சிருந்த பலகையில வீட்டு அமைப்பு பத்தி நிறைய படிச்சேன், ஆளுங்கள பத்தி படிச்சதா ஞாபகம் இல்ல. தூண நான் பாக்கல, விட்டுட்டேன்.

#6 சுண்ணாம்புக்காரை

கட்டடம் பத்தி நான் வர்றேன். 22 வருஷமா பழைய வீடு புதுப்பிக்கிற வேலை பாக்குறேன், அதனால நாடோடி போட்ட போட்டோவ எல்லாம் பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்தேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அந்த ஊர்ல தரையோட வயசு வேற, சுவரோட வயசு வேற. தரை 13ஆம் நூற்றாண்டு. நடுவுல நீள மைதானம், அத சுத்தி அளந்து போட்ட மனைங்க, ஒவ்வொரு மனையும் ஒல்லியா பின்னாடி நீண்டு போகும். முன்னால வீடு, அதுக்கு பின்னால முத்தம், தொழுவம், கடைசில குறுக்க தானியக் களஞ்சியம், அதையும் தாண்டினா தோட்டம், அப்புறம் வயக்காடு. இப்படி கயிறு புடிச்சு அளந்து ஊர் அமைக்கிறது அந்த காலத்து குடியேற்ற வழக்கம். நோய் வந்து ஆள் செத்தாலும், புது ஆள் வந்தாலும், வீடு இடிஞ்சு வேற வீடு வந்தாலும் மனைக்கோடு மட்டும் மாறல.

சுவர் பெரும்பாலும் 1840லேருந்து 1880க்குள்ள. மொத்தம் 23 பண்ணை வீடு. மரவீடு தீப்பிடிச்சா ஊரே எரியும்னு அரசாங்கம் தொடர்ந்து சட்டம் போட்டு செங்கல் கட்டச்சொல்லி நெருக்கினது ஒரு காரணம். இன்னொரு காரணம் பழையஏடு சொன்ன 1848. அந்த வருஷம் ஆஸ்திரிய பேரரசு பூரா கட்டாய வேலைய ஒழிச்சாங்க. நிலம் குடியானவன் கையில வந்துச்சு, தானியத்துக்கு விலை கெடைச்சுது, கையில காசு வந்ததும் மனுஷன் முதல்ல செய்யறது என்ன, வீட்டு முகப்ப நல்லா கட்டுறதுதானே. முகத்துக்கு ஒரு அழகு வேணும்னு நினைச்சான். நினைச்சவன் எத பாத்து கட்டுவான்? அவன் பாத்த பெரிய கட்டடம் மடமும் கோயிலும்தான், அது பரோக் பாணி, அதாவது வளைவும் சுருளும் அலங்காரமுமா கட்டுற பாணி. நகரத்துல பரோக் முடிஞ்சு அப்பவே ரெண்டு மூணு தலைமுறை ஆயிடுச்சு, ஆனா கிராமத்து கொத்தனாருக்கு அதுதான் கண்ணுல நின்ன அழகு. அதுல கொஞ்சம் பின்னால வந்த பாணியையும் கலந்து சொந்தக் கையால வளைச்சு நெளிச்சு பண்ணிட்டான். இதத்தான் நாட்டுப்புற பரோக்னு சொல்றாங்க.

அதே வருஷங்கள்ல பக்கத்துல ஹ்லுபோகாவுல ஸ்வார்ட்சென்பெர்க் பிரபு குடும்பம் இங்கிலாந்து வின்ட்சர் கோட்டைய பாத்து தங்க கோட்டைய மாத்திக் கட்டிட்டிருந்தாங்க. பிரபு அங்க பாத்தான், குடியானவன் மடத்த பாத்தான். எனக்கு குடியானவன் கட்டினதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னா அதுல கொத்தனாரோட விரல் தெரியுது.

நாடோடியோட ஏழாவது போட்டோவ பாருங்க, அந்த மஞ்ச வீடு. முகப்பு உச்சில ரெண்டு பக்கமும் சுருள் இருக்கே, இடது சுருள் வலது சுருளவிட ஒரு அரை சாண் பெருசு. அச்சு வச்சு எடுத்தா ரெண்டும் ஒண்ணா வரும். அத சாரத்துல நின்னு கரணையாலயும் கண்ணளவாலயும் இழுத்திருக்கான். சுண்ணாம்புக் கலவை இறுகறதுக்குள்ள முடிக்கணும், நின்னு யோசிக்க நேரம் இல்ல. அந்த அரை சாண் எனக்கு அவன் கையெழுத்து மாதிரி.

#7 வரப்பு

காரை அண்ணே, அந்த முத்தத்துக்குள்ள ரெண்டு வீடு எதிரெதிரா இருக்குமே, அத கவனிச்சீங்களா? வெளிய பாத்தா ஒரு பண்ணைக்கு ரெண்டு முகப்பு, நடுவுல வண்டி போற பெரிய வளைவு வாசல், பக்கத்துல ஆள் போற சின்ன வாசல். ஒரு பக்கம் பெரிய வீடு. இன்னொரு பக்கம் பல பண்ணைகள்ல அப்பா அம்மாவுக்கான வீடு இருக்கும். செக்ல அதுக்கு வெய்மினெக்னு பேரு.

அது ஒரு நல்ல ஏற்பாடு. பண்ணைய பங்கு பிரிக்க மாட்டாங்க, ஒரே ஒரு புள்ளைக்கு மொத்தமா போகும். மத்த புள்ளைங்களுக்கு பணமா குடுத்து அனுப்பிடுவாங்க. பண்ணைய குடுத்த அன்னிக்கே எழுத்துல ஒப்பந்தம். அப்பா அம்மா அந்த சின்ன வீட்டுல சாகுற வரைக்கும் இருப்பாங்க, வருஷத்துக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு பால், முட்டை, விறகு, சில ஒப்பந்தத்துல தோட்டத்துல எந்த மரத்துப் பழம் யாருக்குங்குறது வரைக்கும் எழுதியிருப்பாங்க. பெத்தவங்களுக்கு சோறு போட பத்திரமான்னு மொதல்ல படிச்சப்ப எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம் யோசிச்சா, மருமகளுக்கும் மாமியாருக்கும் சண்டை வந்தாலும் அந்த படி நெல் மாதிரி அளந்து வந்துடும், கெஞ்ச வேணாம். அது வயசானவங்களுக்கு ஒரு மரியாதைதான்.

மனைக்கோடு மாறாம இருந்ததுக்கு இதுவும் காரணம். பங்கு பிரிச்சிருந்தா அந்த ஒல்லி மனை நாலா உடைஞ்சு ஊரோட உருவமே போயிருக்கும்.

#8 சுண்ணாம்புக்காரை

வரப்பு, அருமை. இத நான் யோசிக்கவே இல்ல. நாடோடி, மறுபடி போனா ஒரு வேலை செய்யுங்க, வாசல் திறந்திருந்தா உள்ள எட்டிப்பாத்து கதவு எந்த பக்கம் இருக்குன்னு சொல்லுங்க. தெருவ பாத்தா, முத்தத்த பாத்தா?

#9 புதுவரவு

எல்லாம் சரி, அந்த 157 பேர் எங்க போனாங்க?

#10 பழையஏடு

தம்பி, அதுக்குத்தான் வர்றேன்.

1938 செப்டம்பர் கடைசில மியூனிக்ல ஹிட்லர் கேட்டான்னு பிரிட்டனும் பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து செக்கோஸ்லோவாக்கியாவோட எல்லைப்பகுதிய தூக்கிக் குடுத்துட்டாங்க, செக் ஆளுங்கள பேச்சுவார்த்தைக்கு உக்கார கூட விடல. 1939 மார்ச்ல மிச்ச செக் பகுதியையும் புடிச்சான். ஆறு வருஷ ஆக்கிரமிப்பு. 1942 மே 27ல ப்ராக்ல நாஜி ஆளுநர் ஹைட்ரிச்ச செக்கோஸ்லோவாக் வீரர்கள் தாக்கினாங்க, ஜூன் 4 அவன் செத்தான், அதுக்கு பழிவாங்க ஜூன் 10ஆம் தேதி லிடிட்சேங்குற கிராமத்த எடுத்தாங்க. ஹொலஷோவிட்சேவ விட பெரிய ஊர், 500 பேர். தோட்டத்துச் சுவரோரம் நிறுத்தி அன்னிக்கு மட்டும் 173 ஆம்பளைங்கள சுட்டாங்க. பொம்பளைங்க முகாமுக்கு. 82 குழந்தைங்கள விஷவாயு வண்டியில கொன்னாங்க. வீட்ட எரிச்சு, கல்லறைய தோண்டி, ஓடையோட போக்க கூட மாத்தி, ஊர் இருந்த தடமே இல்லாம பண்ணாங்க. இன்னிக்கு அங்க 82 குழந்தைங்களோட வெண்கல சிலை நிக்குது, 42 பொண்ணு 40 பையன்.

1945ல போர் முடிஞ்சப்ப செக் ஜனங்க மனசுல இதுதான் இருந்துச்சு. நாட்டுல இருந்த 30 லட்சம் ஜெர்மன்காரங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரும் போகணும்னு முடிவாச்சு. முதல்ல அடிதடியும் கொலையுமா துரத்தினாங்க, போட்ஸ்டாம் மாநாட்டுல வல்லரசுங்க ஒப்புதல் குடுத்த பிறகு 1946ல ரயில் வச்சு அனுப்பினாங்க. ஒரு ரயிலுக்கு 40 பெட்டி, பெட்டிக்கு 30 பேர், ஆக 1200 பேர். ஆளுக்கு 30லேருந்து 50 கிலோ சாமான். அந்த ஒரு வருஷத்துல மட்டும் 20 லட்சத்துக்கு மேல போனாங்க.

ஹொலஷோவிட்சே ஜெர்மன்காரங்களும் அப்படித்தான் போனாங்க. 400 வருஷத்துக்கு முன்னாடி எந்த பக்கத்துலேருந்து கூட்டிட்டு வந்தாங்களோ அந்த பக்கமே திருப்பி அனுப்புனாங்க. பண்ணைங்க பல வருஷம் பூட்டிக் கெடந்துச்சு.

#11 புதுவரவு

பழையஏடு சார், லிடிட்சே படிச்சிட்டு எனக்கு பேச்சே வரல. ஆனா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு செஞ்சிருக்காங்கன்னா அனுப்புனது நியாயம்தானே? அப்புறம் ஊர் காலியா கெடந்ததாலதான் யாரும் இடிச்சு புது வீடு கட்டல, அதான் அழகா மிஞ்சிச்சுன்னா, அந்த வகையில நல்லதுதானே நடந்துச்சு?

#12 பனங்கூடல்

தம்பி, நான் இஞ்ச ஜெர்மனியில பவேரியா பக்கம் இருக்கிறன், வந்து முப்பது வருசத்துக்கு மேல. உங்கட கேள்விய வாசிச்சுப்போட்டு ராத்திரி முழுக்க யோசிச்சன், அதுதான் எழுதுறன்.

நாங்கள் முதல் இருந்த அடுக்குமாடியில கீழ்வீட்டில ஒரு கிழவி தனிய இருந்தவ. ஹொலஷோவிட்சே இல்லை, ஆனா அதே தெற்கு பொஹீமியாவில ஒரு சின்னக் கிராமம்தான் அவவுக்கு. 1946ல ஒன்பது வயசு. நான் அகதியா வந்தவன் எண்டு தெரிஞ்ச நாளில இருந்து என்னில நல்ல வாரப்பாடு. ஒரு நாள் அலுமாரியில இருந்து ஒரு டப்பா எடுத்துக் காட்டினா. அதுக்குள்ள ஒரு பழைய இரும்புத் திறப்பு, நீங்கள் சாவி எண்டு சொல்லுறது, நீட்டு. வீட்டுத் திறப்பைக் குடுக்கச் சொல்லி உத்தரவாம், அதில வீட்டு நம்பர் எழுதின துண்டு கட்டி மேசையில வைக்கவேணும். தாய் வீட்டுத் திறப்பைக் குடுத்துப்போட்டா. இது மாட்டுத் தொழுவத்துத் திறப்பு, இவவின்ர சட்டைப் பையில கிடந்ததாம், ஒருத்தரும் கேக்கேல்லையாம். அந்த நேரம் மாட்டுக்கு ஆர் பால் கறக்கிறது எண்டு கேட்டு அழுதனான் எண்டு சொன்னவ. கறக்காட்டி மாடு கத்தும், வலிக்கும். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அதுதான் தெரியும்.

தகப்பன் யுத்தத்தில ஜெர்மன் படையில நிண்டு செத்தவர். அவையின்ர ஊரில ஹிட்லருக்குக் கொடி பிடிச்ச ஆக்கள் கனபேர் இருந்தவை எண்டும் அவவே சொன்னவ, ஒண்டையும் மறைக்கேல்லை. லிடிட்சே பற்றிச் சொல்லேக்க தலையைக் குனிஞ்சுகொண்டுதான் கதைப்பா. ஆனா தம்பி, லிடிட்சேயில குழந்தையளைக் கொன்றது இந்தப் பிள்ளை இல்லை. ஊரோட எல்லாருக்கும் ஒரே தண்டனை எண்டு நாஜி லிடிட்சேக்குச் செய்தான். பிறகு ஒரு இனம் முழுக்க ஒரே தண்டனை எண்டு இவையும் செய்தினம். ரெண்டையும் ஒரே அளவு எண்டு நான் சொல்லேல்லை, கொலையும் குடியெழுப்பலும் ஒண்டில்லை. ஆனா நியாயம் எண்ட சொல்லை அதுக்குப் பாவிக்க எனக்கு வாய் வரேல்லை.

அவ ரெண்டு வருசத்துக்கு முந்திச் செத்துப்போனா. திறப்பு ஆரிட்டப் போச்சுதோ தெரியாது.

#13 புதுவரவு

அண்ணா மன்னிச்சிடுங்க. நான் யோசிக்காம கேட்டுட்டேன். அந்த மாட்டு விஷயம் மனசுலேருந்து போக மாட்டேங்குது.

#14 பனங்கூடல்

மன்னிப்பு ஏன் தம்பி, கேட்டாத்தானே கதைக்கலாம். கேளுங்கோ.

#15 வரப்பு

பனங்கூடல் அண்ணா எழுதினத படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல.

புதுவரவு கேட்டதுல ரெண்டாவது பாதிக்கு நான் ஒண்ணு சொல்றேன். காலியானா ஊர் தானா பிழைச்சிடும்ங்குறது சரியில்ல. ஷுமாவா மலைப் பக்கமா ஆஸ்திரியா, பவேரியா எல்லையோரம் ஜெர்மன் பேசுன நிறைய கிராமங்க அதே வருஷம் காலியாச்சு. 1948ல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு எல்லைய ஒட்டி முள்கம்பி, தடைசெஞ்ச பகுதி. அந்த காலி கிராமங்கள ராணுவம் புல்டோசர் வச்சு தரைமட்டம் பண்ணுச்சு. இன்னும் சிலது 1950கள்ல வல்டாவா மேல லிப்னோ அணை கட்டினப்ப தண்ணிக்குள்ள போச்சு. இன்னிக்கு அங்க போனா காட்டு நடுவுல வரிசையா ஆப்பிள் மரம் நிக்கும், அதுதான் ஊர் இருந்ததுக்கு சாட்சி.

ஹொலஷோவிட்சே எல்லையிலேருந்து கொஞ்சம் உள்ள இருந்துச்சு, அதனால புல்டோசர் வரல. நகரத்துக்கு ரொம்ப கிட்டவும் இல்ல, அதனால அடுக்குமாடியும் வரல. ஆக இது தப்பிச்சது ஏதோ ஒரு இடைவெளியில, அதிர்ஷ்டம்தான். மத்தபடி கூரை ஒழுகி, காரை உதிர்ந்து, பல வீடு விழுற நிலையில இருந்துச்சு.

#16 சுண்ணாம்புக்காரை

ஆமா, இத அழுத்தி சொல்லணும். ஆள் இல்லாத வீடு நாப்பது வருஷம் நின்னாலே பெருசு. கூரைல ஒரு ஓடு நகர்ந்தா போதும், தண்ணி உத்தரத்துல இறங்கும், உத்தரம் உளுத்தா முகப்புக்கு பிடிமானம் இல்ல, பட்டுனு முன்னால சாஞ்சிடும். அந்த முகப்பு இன்னிக்கு நிக்குதுன்னா போருக்கு பிறகு அங்க வந்து குடியேறின செக் குடும்பங்களும், 1989ல ஆட்சி மாறின பிறகு வந்து பழுது பாத்தவங்களும் உழைச்ச உழைப்பு. 1995ல ஊரையே பாதுகாக்கப்பட்ட கிராமமா அறிவிச்சாங்க, மூணே வருஷத்துல யுனெஸ்கோ.

அதனால பழையஏடு சார் சொன்ன ஒரு வரிக்கு நான் ஒரு ஓரமா மறுப்பு சொல்லிக்கிறேன். கட்டினது இவங்க இல்லன்னு சொன்னீங்க, சரிதான். ஆனா காப்பாத்துனது இவங்க. சுண்ணாம்பு அடிக்கிற வேலை ஒரு தடவையோட முடியாது, பத்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது சாரம் கட்டி ஏறணும். ஒருத்தன் கட்டுன வீட்டுக்கு இன்னொருத்தன் வாழ்நாள் பூரா காரை பூசுறதும் ஒரு பந்தம்தான்.

#17 பழையஏடு

காரை, ஏத்துக்கிறேன். நான் அப்படி ஒரே வரில முடிச்சது தப்பு. போருக்கு பிறகு வந்து குடியேறினவங்களும் வசதியா வந்தவங்க இல்ல, 1949க்கு அப்புறம் நிலத்தையெல்லாம் கூட்டுப்பண்ணையில சேத்துட்டாங்க, வீடு மட்டும்தான் மிச்சம், அத பழுது பாக்க கையில காசும் இல்ல, சிமெண்டும் சுலபமா கெடைக்காத காலம்.

ஆனா என் ஆதங்கம் இதுதான். அந்த ஊர பத்தி எத எடுத்தாலும் பிளேக், மடம், பரோக், யுனெஸ்கோன்னு வரும், நடுவுல 1946 மட்டும் ஒரு அரை வரில ஓடிடும். 1520கள்ல செத்தவங்களுக்கு தூண் இருக்கு. 1946ல போனவங்கள பத்தி சுற்றுலா பேப்பர்ல ஒரு பத்தியாவது எழுதணும்ல. செக் நாட்டுல இப்ப நிறைய இளைஞர்கள் இத வெளிப்படையா பேசுறாங்க, இடிஞ்ச ஜெர்மன் கல்லறைகள நிமுத்தி வைக்கிறாங்க. எனக்கு அவங்கள நினைச்சா ரொம்ப மரியாதையா இருக்கு.

#18 புதுவரவு

நான் அடுத்த வருஷம் படிக்க ப்ராக் போறேன், சீட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. லிடிட்சே ப்ராக்லேருந்து பக்கம்னு சொன்னாங்க. ரெண்டு ஊரும் போவேன். ஹொலஷோவிட்சேக்கு பஸ் இருக்கா? சாப்பாடு கெடைக்குமா?

#19 நாடோடி82

மக்களே, போன சனிக்கிழமை மறுபடி போனேன். உங்க எல்லாரோட பதிவையும் போன்ல வச்சுக்கிட்டு ஊர சுத்தினேன், மொத தடவை பாத்த ஊர் மாதிரியே இல்ல.

காரை அண்ணே, ஒரு பண்ணைய அருங்காட்சியகமா வச்சிருக்காங்க, அது வழியா உள்ள போனேன். நீங்க கேட்ட கதவு முத்தத்த பாத்துதான் இருக்கு. தெருப்பக்கம் சன்னல் மட்டும். பெரிய வீட்டு வாசப்படியில நின்னா எதிர்ல பத்து பன்னெண்டு எட்டுல சின்ன வீட்டு வாசப்படி. வரப்பு சொன்ன மாதிரி வயசானவங்க அங்க உக்காந்திருந்தா பேரப்புள்ளைங்க விளையாடுறது முழுசா தெரியும், மகன் வண்டி எப்ப உள்ள வருதுன்னும் தெரியும். படிக்கல்லு நடுவுல குழிஞ்சிருக்கு, கைய வச்சு பாத்தேன், உள்ளங்கை அப்படியே உக்காருது.

பிளேக் தூணையும் தேடிப் பாத்தேன், ஊருக்கு வெளிய இருக்கு. எளிமையா ஒரு கல்தூண், சுத்தி புல்லு. பனங்கூடல் அண்ணா, அங்க நின்னப்ப எனக்கு அந்த தொழுவத்துத் திறப்புதான் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வர்றப்ப ஒரு வீட்டு தொழுவக் கதவு மேல கண்ணு போச்சு, பூட்டுத் துவாரம் என் கட்டைவிரல் போற அளவுக்கு பெருசு, இரும்பு தகடு தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. போட்டோ எடுக்கல, அது ஒருத்தரோட வீடு.

இலை கூட்டின பாட்டி இந்த தடவையும் இருந்தாங்க. கூகுள் மொழிபெயர்ப்ப வச்சு பேசினேன். அவங்க இந்த ஊருக்கு கல்யாணம் ஆகி வந்தவங்க, வந்தப்ப இந்த மைதானத்துல வாத்தும் சேறும்தான் இருந்துச்சாம். வீட்டு கூரைய நாங்களே ஏறி மாத்தினோம்னு விரல மேல காட்டி சொன்னாங்க. ஜெர்மன் குடும்பத்து ஆளுங்க யாராவது வருவாங்களான்னு கேட்டேன். வருவாங்கன்னு தலையாட்டிட்டு, ஒரு தடவை ஒரு அம்மா வந்து வாசல்லயே நின்னாங்க, உள்ள கூப்பிட்டு காபி குடுத்தேன், அவங்க அடுப்பு இருந்த மூலைய சரியா கைகாட்டினாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் துடைப்பத்த எடுத்துக்கிட்டு போய்ட்டாங்க.

புதுவரவு தம்பி, செஸ்கே புடெயோவிட்சேலேருந்து பஸ் இருக்கு, ஆனா சனி ஞாயிறுல ரொம்ப கம்மி, திரும்பி வர்ற நேரத்த முதல்லயே பாத்து வச்சுக்கோ. ஜூலை மாசம் குடியானவங்க திருவிழான்னு ஒண்ணு நடத்துறாங்க, அப்ப கைவினைக்காரங்க எல்லாம் மைதானத்துல கடை போடுவாங்க, ஆனா கூட்டமா இருக்கும். எனக்கு கேட்டா அக்டோபர்ல போ. சத்திரத்துல குலாய்டான்னு ஒரு சூப் கேளு, காளானும் உருளைக்கிழங்கும் புளிச்ச பாலேடும் சதகுப்பைக் கீரையும் போட்டு மேல ஒரு அவிச்ச முட்டை வச்சு குடுப்பாங்க, குளிருக்கு அப்படி ஒரு இதம். அந்த தூண விட்டுடாத, நான் மொத தடவை விட்ட மாதிரி.